எங்கள் போனில் மட்டும் முதலிடம்

கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு, பட்டு நெய்யும் அண்ணனுக்கு ஒரு வெப்சைட் செய்துகொடுத்தேன். மூன்றாவது வாரம் "ஆரணிப் பட்டு" என்று என் போனில் தேடினால் முதலில் நாங்கள்! போனோடு தறிக்கு ஓடினேன்.

"இன்னா பாப்பா, பெரிய கடைங்களையே தாண்டிட்டமா?"

"நீயே பாருண்ணா!"

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம். காலையில் தறிக்குக் கற்பூரம் காட்டியதும், அண்ணன், அண்ணி, நான் மூவரும் அவரவர் போனில் தேடி, எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் காப்பி. அவர்கள் போன்களில் எங்கோ கீழே கிடந்தது நாளுக்கு நாள் மேலே ஏறியது. ஆர்டர்தான் வரவில்லை. முகூர்த்த மாசம் வரட்டும் என்றேன்.

அண்ணன் கூலிக்கு நெய்பவன். தறியில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் முதலாளி தருவார். சொந்த ஆர்டர் வந்தால் தறி காலியாக இருக்க வேண்டுமே என்று, அடுத்த பாவு வேண்டாமென்று அவரிடம் சொல்லிவிட்டான். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் அண்ணியின் சித்தி வெம்பாக்கத்திலிருந்து பத்திரிகை வைக்க வந்தார்.

"பொடவைக்கு போன்ல உங்களத்தான் தேடிகினு இருந்தேன். எங்கியுமே காணோமே?"

அவர் போனை வாங்கி நானே தேடினேன். நாங்கள் தேடும் அதே கூடம், அதே "ஆரணிப் பட்டு". பெரிய கடைகள் வரிசையாக வந்தன. தள்ளிக்கொண்டே போனேன். நாங்கள் இல்லை.

பழைய தேடலைப் பார்த்து, தேடுபொறி ஆளுக்கொரு வரிசை காட்டும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியவள் நான். தினமும் கற்பூரம் காட்டிய கையோடு தேடித் திறந்து அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் நாங்களேதான். அது பொய் சொல்லவில்லை. எங்களுக்குப் பிடித்ததை எங்களுக்கே காட்டியது. 'இது உனக்கு மட்டும்' என்று ஓரத்தில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணன் மறுபடி பாவு கேட்டு முதலாளியிடம் போனான். போன வேகத்தில் திரும்பினான்.

"பாவு வேற தறிக்குப் பூட்சாம். அடுத்தது எப்போன்னு அவருக்கே தெரியலயாம்."

"அண்ணா, நான்தான்..."

"வுடு பாப்பா. உன் போன்ல இருந்ததத்தான நீ காட்டுன."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை பாவு இல்லாத தறிக்கு யாரும் கற்பூரம் காட்டவில்லை. பழக்கதோஷத்தில் அண்ணி மட்டும் போனை எடுத்துத் தேடினார்.

"மொதல்லதான் காட்டுது," என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.