அவர் பெயரில் தூங்கிய இரவு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் இப்போது இருக்கும் இதே வாடகை வீட்டில் நடந்தது. என் கணவர் இங்கே இரும்புக் கம்பி செய்யும் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறார். நான் பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன்.

முதலில் அவருடைய குறட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டே விட்டார், "இன்னாமே, உங்க ஊட்ல ராத்திரியில மாவு அரைக்கிறீங்களா?" என்று. அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வேன்.

ஆனால் ஒரு பகல் ஷிப்டில் அவர் கிரேன் கேபினிலேயே கண்ணயர்ந்துவிட்டார். கம்பிக் கட்டு அந்தரத்தில் அப்படியே தொங்கி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதித்து, ரிப்போர்ட் சரியாக இருந்தால்தான் மறுபடி கிரேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அதற்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியதில்லையாம். ஒரு சின்னப் பெட்டி கூரியரில் வந்தது. மார்பில் கட்ட ஒரு பெல்ட், விரலில் மாட்ட ஒரு கிளிப், மூக்கடியில் வைக்க மெல்லிய குழாய். ஒரு இரவு மாட்டிக்கொண்டு தூங்கினால், எல்லாம் போன் வழியாகச் சென்னையில் இருக்கும் டாக்டருக்குப் போய்விடும்.

பெட்டியைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "பதினஞ்சு வருஷமா மேல குந்திக்கினு இருந்தவன். இப்போ கீழ எறக்கி ஹெல்பரா நிறுத்திடுவாங்களே" என்றார்.

எனக்குத்தான் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. "நான் மாட்டிக்கினு படுக்கறேன். தூக்கத்துல என்னை அடிச்சிக்க ஆளு கிடையாது" என்றேன். என் தூக்கத்தின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கி, பொன்னேரியைக் கோட்டைவிட்டு மீஞ்சூரில் இறங்கிய நாட்களை எல்லாம் கடையில் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அவர் தயங்கினார். நான் விடவில்லை. நானே பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன். அவருடைய குறட்டை அதில் பதிந்துவிடக் கூடாது என்று அவரை ஹாலில் படுக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மாலை டாக்டரம்மா வீடியோ காலில் வந்தார். "தூக்கத்துல உங்களுக்கு மூச்சு அடிக்கடி நின்னு நின்னு வருது சார். ஆக்ஸிஜன் ரொம்பவே இறங்குது. இதை இப்படியே விடக் கூடாது" என்றார்.

வாயைத் திறந்தால் அவர் வேலை போகும். திறக்காவிட்டாலும் போகும் என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் அந்தக் கணக்கே போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், அது நான் இல்ல. என் ஊட்டுக்காரி. அவளுக்கு இன்னா ஆகும், சொல்லுங்க" என்றார்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, காலையில் தலைவலி வருமா, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். கடையில் நின்று நின்று வரும் அசதி என்று நினைத்திருந்தேன்.

"நான் குறட்டையே விட மாட்டேனே மேடம்."

"அவர் விடுற குறட்டையில உங்களோடது யாருக்கும்மா கேட்டிருக்கும்?" என்று சிரித்தார். உடனே குரல் மாறியது. "கிரேனுக்குக் கீழே ஆளுங்க நிக்கிறாங்கம்மா. அதை நினைச்சுப் பார்த்தீங்களா?"

பெட்டி மறுபடி வந்தது. இந்த முறை அவரே மாட்டிக்கொண்டார். அவருக்கும் அதே நோய்தான். சில மாதங்கள் கீழே வேலை பார்த்து, சிகிச்சை எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி மேலே ஏறினார். இப்போது இருவருமே, மூச்சு தடைபடாமல் காற்றைத் தள்ளும் மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறோம். நான் பொன்னேரியிலேயே ஒழுங்காக இறங்கிவிடுகிறேன்.

பொய் சொன்னதால்தான் உன் நோய் தெரிந்தது என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் நினைத்த மாதிரி என் தூக்கம் நல்ல தூக்கமாக இருந்திருந்தால், அந்த ரிப்போர்ட்டோடு அவர் மறுநாளே மேலே ஏறியிருப்பார். கீழே கம்பிக் கட்டுக்கு அடியில் நிற்பவருக்கும் என்னைப் போல ஒருத்தி வீட்டில் காத்திருப்பாள் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னை வெட்கப்பட வைக்கிறது.