எதிர்க்காற்று

அழகியமண்டபம் தாண்டி மேடு ஏறியதும் ஆபேல் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். இஞ்சினை அணைக்க மாட்டார். இறங்கிப் போய் பானட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாயை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். பின்சீட்டுக்காரர்கள் தலையை நீட்டினால், "இப்பம் வந்திருவேன், ஒரு மினிட்டு" என்பார். குழாய் இருக்கவேண்டிய சூட்டில்தான் இருக்கும். வண்டி கொதிப்பது நின்று ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் நிறுத்துவார், தொடுவார், ஏறி உட்காருவார். 

வயது ஐம்பத்துநான்கு. சவூதியில் தம்மாமில் பதின்மூன்று வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், ஒரு பழைய டீசல் அம்பாசடரை வாங்கித் தக்கலை டாக்ஸி ஸ்டாண்டில் போட்டார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். பாலைவன வெயில் பழக்கிய பழக்கம். ஹாரன் அடிக்கக் கூசுவார். மீன் கூடையை ஏற்ற மாட்டார், குடிகாரனை ஏற்றுவார். "குடிச்சவன் நாளைக்கித் தெளிஞ்சிருவான். மீன் வாடை தெளியாது பாத்துக்கிடுங்க."

2009-ல்தான் அந்த விசிறி வந்தது. மார்த்தாண்டத்தில் ஷெட் வைத்திருந்த ராஜகுமார் ஆசை காட்டினான். "அண்ணே, இஞ்சினுக்க சத்துல ஒரு பங்கு இந்தப் பழைய விசிறியச் சுத்தவே போயிருது. கரண்டு ஃபேன் ஒண்ணு போட்டுத் தாறேன், வண்டி பறக்கும்." இஞ்சினோடு சேர்ந்து சுற்றிய விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏதோ அடிபட்ட காரிலிருந்து எடுத்ததை ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்தினான். டாஷ்போர்டில் ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்தான். வண்டி உண்மையாகவே இலகுவாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் சுவாமியார்மடத்தில் கொதித்தது.

அதன்பின் ஆபேலுக்கு நிம்மதி போயிற்று. ஷெட்டில் நிறுத்தி ஒரு மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாது. டாக்டர் முன்னால் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைப் போல சமர்த்தாக நிற்கும். ரோட்டில் ஏறி நாலு மைல் ஓடினால் முள் சிவப்புக்குப் போய்விடும். ராஜகுமார் பியூஸை மாற்றினான், ரிலேயை மாற்றினான். இன்னொருவன் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். வேறொருவன் தண்ணீர் பம்பே புதிதாகப் போட்டான். எல்லாரும் கடைசியில் விசிறியைக் காட்டி ஒன்றையே கேட்டார்கள். "நல்லாத்தானே சுத்துது? பின்ன என்ன?"

வீட்டிலும் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் டார்ச்சும் கையுமாக பானட்டுக்குள் கிடப்பார். மனைவி செசிலி வாசலில் நின்று கேட்பாள், "நீங்க கெட்டுனது என்னயா, அந்த ஃபேனயா?"

அவருக்கு நிரந்தர சவாரி ஒன்று இருந்தது. பத்மநாபபுரம் கோட்டைக்குள் வாழைத்தோட்டக்காரர் பொன்னுலிங்கத்தின் மனைவி தாணம்மாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வண்டிக்கு நோவு வந்தபின் ஆபேல் ஐந்தரைக்கே போய் நிற்பார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, கேனிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். தாணம்மாள் முன்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் அனுமதி.

"உனக்க வண்டி குடுத்து வச்சது மக்கா. வேணும்மட்டும் வெள்ளம் குடிக்கு."

"மன்னிச்சிருங்க அக்கா. இந்தா ஆயாச்சு."

"பய்யச் செய். நான் எங்க ஓடப்போறேன்?"

ஆடி மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வண்டி சுவாமியார்மடத்தில் ஆவி கக்கி நின்றது; எவ்வளவு ஆறவிட்டும் கிளம்பவில்லை. ஆட்டோ ஒன்று கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாணம்மாளின் படுக்கையை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம்தான் மிஷினில் கிடந்தாள். அன்று ராத்திரி மூச்சு முட்டித் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுலிங்கம் போன் செய்தார். கோபப்படவில்லை. "ஆபேலு, இனி நீ வராண்டாம். மருமவன் வேற வண்டி சொல்லியிருக்கான்."

ஐப்பசி மழையில் தாணம்மாள் இறந்துபோனாள். அந்த வெள்ளிக்கிழமையால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அடக்கத்தன்று ஆபேல் கோட்டை வாசலுக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் நின்று வந்தார்.

அடக்கம் கழிந்து பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, அழகியமண்டபம் தாண்டிய மேட்டில் வழக்கம்போல் வண்டி கொதித்தது. பானட்டைத் தூக்கிவைத்து, எண்ணெய்க் கையைத் துடைத்த பேப்பர்த் துண்டை முன்பக்கத்துக் கம்பித் தடுப்பில் செருகினார். அது பறந்து ரோட்டில் விழுந்தது. எடுத்துத் திரும்பச் செருகினார். திரும்பவும் விழுந்தது. ஓரத்து வாழையில் ஓர் இலை அசையவில்லை. மூன்றாம் தடவை பேப்பரைக் கம்பிக்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அது அவர் முகத்தை நோக்கிப் படபடத்தது.

விசிறி வெளிப்பக்கமாக ஊதிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்கவேண்டியது, இரண்டு ஒயரும் இடம் மாறியதால் தலைகீழாகச் சுற்றியது. வண்டி நிற்கும்போது அந்தக் காற்றே ஓரளவுக்குப் போதும். ஓடும்போது எதிரே வரும் காற்றும் விசிறியின் காற்றும் ரேடியேட்டருக்குள் முட்டி நின்றுவிடும். ஒன்றரை வருஷமாக எல்லாரும் அது சுற்றுகிறதா என்று பார்த்தார்கள். எந்தப் பக்கம் ஊதுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

இரண்டு ஒயரையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். பிறகு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பின்சீட்டில் இருந்தவர்கள் நெஞ்சுவலி என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அன்று சாயங்காலம் பத்மநாபபுரம் போனார். பொன்னுலிங்கம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணாச்சி."

"எதை?"

ஆபேல் அவரை வண்டிக்கு முன்னால் கூட்டி வந்து, விசிறி சுவிட்சைப் போட்டு, ஒரு பேப்பரைக் கம்பித் தடுப்பின் மேல் விட்டார். அது சட்டென்று ஒட்டிக்கொண்டது. "இப்பிடி இழுக்கணும் அண்ணாச்சி. இத்தன நாளும் மறிச்சு ஊதியிருக்கு. ஒயரு மாறிக் கெடந்திருக்கு."

பொன்னுலிங்கம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செரியாக்க எம்புட்டு நேரம் ஆச்சு?"

ஆபேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அர நிமிசம்."

பொன்னுலிங்கம் டிரைவர் பக்கம் நடந்து வந்து, திறந்திருந்த கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டு, டாஷ்போர்டில் தடவித் தேடி, சுவிட்சை அணைத்தார்.