இரண்டு மணிக்கு அணைந்த படம்

மின்விசிறி நிற்பதற்கு முன் "கிரீச்... கிரீச்" என்று இரண்டு முறை முனகும். அதற்குள் டி.வி. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்திருக்கும், தெரு முழுக்கப் பிள்ளைகளின் "ஓ..." என்ற கூச்சல் கேட்கும். மின்வெட்டுக்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்த ஆண்டுகள் அவை. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவுக்கு மதியம் இரண்டிலிருந்து நான்கு; பழனிசெட்டிபட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டு. ஆகவே விடுமுறையில் ஒரு மணிக்குப் போடுகிற படத்தின் முதல் பாதி எனக்கு, மறுபாதி பெரியம்மா மகள் செல்வி அக்காவுக்கு. சாயங்காலம் போனில் பேசி இரண்டையும் ஒட்டிக்கொள்வோம்.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில், ஆறு வயதுத் தம்பி பாண்டியைக் காய்ச்சல் இறங்காமல் தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கேயே கிடந்தார்கள். எனக்குத் துணையாக வந்திருந்த சித்தியிடம் கேட்டால், "எல்லாஞ் சரியாப் போகும், நீ சாப்புடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படி ஒரு மதியம்தான் அந்தப் படம் வந்தது.

தமிழ் பேசவைத்த வெளிநாட்டுப் படம். பனி கொட்டும் ஊரில், நோயில் கிடக்கும் பிள்ளைகளை, முனையில் விளக்கு எரியும் கறுப்புப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிறாள் ஒருத்தி. தம்பியைப் பறிகொடுத்த சிறுமி கரையில் நின்று கெஞ்சுகிறாள். "உன் முடியைக் கொடு, கண்ணு" என்கிறாள் படகுக்காரி, சந்தையில் விலை சொல்வதுபோல நிதானமாக. சிறுமி கொடுக்கிறாள். "உன் நிழலைக் கொடு." அதையும் கொடுக்கிறாள். "உன் பேரைக் கொடு" என்று படகுக்காரி கை நீட்டியபோது மணி இரண்டு அடித்து, படம் அணைந்துவிட்டது.

அவளுக்குக் கொம்பும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. இருந்தும் எனக்குப் பயம். ஆனால் வீட்டில் எல்லோரும் என்னிடம் மழுப்பிக்கொண்டிருந்த நாட்களில், நடப்பதை நேருக்கு நேர் சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்த மாதிரி இருட்டுக் கதைகளைப் பிள்ளைகள் விடாமல் தேடிப்போவதற்கு அதுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். முடி கேட்டதும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. நம் ஊர்ச் சாமிகளும் முடி வாங்குகிறவர்கள்தானே? பாண்டிக்காக அம்மா வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக ஏற்கெனவே நேர்ந்திருந்தாள்.

சித்தி கண்ணசந்த நேரத்தில் கத்திரிக்கோலால் என் சடையில் ஒரு சாண் வெட்டி, ஓடிப்போய் முல்லையாற்றில் போட்டுவிட்டு வந்தேன். படத்தில் அந்தத் தம்பி திரும்பி வந்தால் பாண்டியும் வந்துவிடுவான் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். அன்று சாயங்காலம் செல்வி அக்காவுக்குப் போன் போடப் பயம். சடையைப் பார்த்துச் சித்தி நாலு சாத்து சாத்தினாள்.

மறுநாள் சித்தியோடு பஸ் ஏறிப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தத் தம்பி வந்தானாக்கா?" என்றேன். செல்வி அக்கா என் அரைச் சடையைப் பார்த்தாள்.

"வராம? அந்தப் பய வெளக்க ஓங்கி ஒரு மிதி மிதிச்சான் பாரு, படகே கவுந்துபோச்சு! ரெண்டு பேரும் நீஞ்சிக் கரையேறி வீட்டுக்கு ஓடியாந்துட்டாக. அவுக அம்மா ஆளுக்கு ரெண்டு தோச சுட்டுக் குடுத்தாக."

பனி கொட்டும் ஊரில் தோசைக்கல் ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம். எட்டாம் நாள் பாண்டி எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தான்.

போன மாதம் அதே படத்தைப் பாண்டி தன் செல்போனில் தேடிப் பிடித்தான். சொட்டுநீர்க் குழாய்க் கடையில் வேலை பார்க்கிற, சட்டைப் பொத்தான் தெறிக்கும் உடம்புக்காரன் இப்போது. அவனும் நானும் என் ஆறு வயது மகளும் சேர்ந்து பார்த்தோம். படத்தில் யாரும் விளக்கை மிதிக்கவில்லை. படகுக்காரி முடியையும் நிழலையும் பேரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம்பியை மட்டும் கொடுக்காமல் போய்விடுகிறாள். சிறுமி தனியாக வீடு திரும்புகிறாள்.

உடனே செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாடி, முடியத் திருப்பிக் குடுத்தா, பிள்ளையக் குடுக்கல. மறுநாப் பாத்தா நீ அரச் சடையோட வந்து நிக்கிற. நான் வேற என்னத்தச் சொல்ல?" என்று சிரித்தாள்.

இப்போது இரண்டு மணிக்கு எந்த ஊரிலும் படம் அணைவதில்லை. யாரும் யாருக்கும் மறுபாதி சொல்ல வேண்டியதுமில்லை. என் மகள் மட்டும் செல்போனைத் தள்ளிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எத்தனையோ முறை நான் சொல்லிக் கேட்ட கதை அவளுக்கு.

"இது தப்பாப் போட்டுட்டாகம்மா. தோசையே வரல. நீயே சொல்லு."

சொன்னேன். கதையில் தோசை வந்ததும் பாண்டி எழுந்து அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டான்: "ஏக்கா, மாவு இருக்கா?"