பதினோரு சட்டை வால்கள்

லாயல் உம்ஹோல்ட்ஸ் பென்சில்வேனியாவின் பாட்டர் மாவட்டத்தில் பால் லாரி ஓட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. பனி மூடிய மலைப்பாதையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அந்த விஷயத்தில் ஒருத்தரும் அவரைக் குறை சொன்னது கிடையாது. ஆனால் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் போச்சு. மான் ஒரு பக்கம் நிற்கும், குண்டு இன்னொரு பக்கம் போகும்.

அவர் போய்த் தங்குகிற வேட்டைக் குடிலில் ஒரு சட்டம் உண்டு. மானைச் சுட்டுக் கோட்டைவிட்டவனின் சட்டை வாலைப் பின்பக்கம் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். அந்தச் சுவரில் இப்போது தொங்குகிற பதினோரு வாலும் லாயலுடையவைதான். புதிதாக வருகிறவர்கள் அதைத் திரைச்சீலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி வெர்னா சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை ஒன்றைத் தானே தைத்துக் கொடுத்தாள். மூன்று மாத வேலை. கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, இதுவரைக்கும் பதினோரு சட்டையை முடமாக்கிக் கொண்டாந்தீங்க. வாயைத் திறந்தேனா? இது என் கையால தைச்சது. இதுல எங்கண்ணன் கத்தரி பட்டுச்சுன்னா அந்தக் குடில்லயே படுத்துக்குங்க, வீட்டுப் பக்கம் வராதீங்க."

அண்ணன் என்றால் கிளேர். குடிலுக்குச் சொந்தக்காரர், கத்தரிக்கும் அவர்தான் சொந்தக்காரர்.

சட்டையைப் போடாமலே போயிருக்கலாமே என்றால், கிறிஸ்துமஸ் சட்டையை மறுநாள் போடாவிட்டால் அது தனி வம்பு. வேட்டைக்கே போகாமல் இருந்திருக்கலாமே என்றால், கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் சக்கிமுக்கித் துப்பாக்கிக் காலம் தொடங்குகிறது. கல் உரசிப் பொறி பறக்க, குழாயின் வாய்வழியே வெடிமருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய துப்பாக்கி. இத்தனை வருஷமும் தன்னைக் கெடுத்தது புதுத் துப்பாக்கிதான், பாட்டன் பூட்டன் துப்பாக்கி தன் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று லாயல் தீர்மானித்து மாதம் ஒன்றாகிறது. மனுஷன் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அப்புறம் யார் பேச்சைக் கேட்கப்போகிறார்!

துப்பாக்கி வாங்கிய கையோடு சாமான் வாங்க நடீன் கிரீமரின் கடைக்குப் போயிருந்தார். அந்தம்மாள் எழுபது வயதிலும் குறி தப்பாதவள்.

"தம்பி, கண்ணுல பட்டதையெல்லாம் அள்ளாதே. கருமருந்து, குழாய்க்குத் தக்க ஈயக்குண்டு, குண்டைச் சுத்தறதுக்குத் துணி, அதுல தடவக் கொழுப்பு, நாலு நல்ல கல்லு, மருந்தளக்க ஒரு குவளை, பொறி உள்ள போற காதுத் துளையைக் குத்திவிட ஒரு ஊசி. ஆரம்பிக்கிறவனுக்கு இவ்வளவுதான்."

"அந்தத் தொப்பி என்னக்கா விலை?" வால் தொங்கும் ரக்கூன் தோல் தொப்பியைக் காட்டினார் லாயல்.

"அது சுடாது தம்பி."

தொப்பியை வாங்கினார். எருமைக் கொம்பு மருந்துக்குடுவை, குஞ்சம் வைத்த தோல்பை எல்லாம் வாங்கினார். கடைசியில் நடீன் ஒரு குட்டித் திருகை எடுத்து நீட்டினாள். "மருந்து போட மறந்து குண்டை மட்டும் திணிச்சிட்டா, இதைக் குண்டு திணிக்கிற கோல் நுனியில மாட்டித் திருகி இழுக்கணும்."

"மருந்து போடவா? அதை எவனாவது மறப்பானாக்கா?"

"எல்லாரும் மறப்பாங்க."

லாயல் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

இருபத்தாறாம் தேதி காலை காட்டோரத்தில் நின்று துப்பாக்கியைக் கெட்டித்தார். பக்கத்தில் கிளேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நமது ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? "பொறுமைதான் மச்சான் இதுல முக்கியம். அந்தக் காலத்து ஆளுங்க ஒவ்வொண்ணையும் வரிசை தப்பாம செய்வாங்க" என்று பிரசங்கம் செய்துகொண்டே துணியை வைத்தார், குண்டை வைத்தார், கோலால் இறுக்கித் திணித்தார். மருந்து கொம்புக்குள்ளேயே இருந்தது.

ஒன்பது மணிக்குப் பெட்டை மான் ஒன்று வந்து இருபது அடியில் நின்றது. லாயல் காதுத் துளையை ஒட்டிப் பொறி விழுகிற பக்கவாட்டுக் கிண்ணத்தில் பொடியைத் தூவி, குறி பார்த்து, விசையை இழுத்தார். புஸ்ஸ்! மூக்குக்கு நேரே புகை. வெடியைக் காணோம். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி பொடி போட்டார். புஸ்ஸ்! மான் ஓரடி கிட்டே வந்தது. மூன்றாவது புஸ்ஸுக்கு அதற்கே அலுத்துப்போய், செடியில் நாலு குச்சியைக் கடித்துக்கொண்டு நடையைக் கட்டியது.

அப்போதுதான் லாயலுக்கு உறைத்தது. அவமானத்தில் காது சிவந்தது. அதைவிடப் பெரிய பயம் சட்டையைப் பற்றி. குடிலுக்கு ஓடி வந்தவர் முதலில் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்த பனியில் புதைத்தார். உள்பனியன்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"முகமெல்லாம் கரி! சட்டை எங்க மாப்ள?" கிளேர் கையில் கத்தரி தயாராக இருந்தது.

நடந்ததைச் சொல்லாமல் தீரவில்லை. கிளேரும், நாட்டாமைக்கென்றே அங்கே வருகிற எமரி என்ற கிழவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிங்க. ஆனா ஒண்ணு. குழாயை விட்டு வெளிய வராத குண்டு எப்படிக் குறி தவறும்? அதைச் சொல்லுங்க!" என்றார் லாயல்.

எமரி தாடையைச் சொறிந்தார். "நியாயமாத்தான் படுது. குண்டு உள்ள இருக்கிற வரைக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது. முதல்ல அதை எடு."

"திருகு வாங்கினியா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"என்னோடது உன் கோல்ல மாட்டாது. காதுத் துளை வழியா சிட்டிகை சிட்டிகையா மருந்தைத் தள்ளி வெடிச்சுத் தள்ளிடு. அதோ, அந்தப் பனிக் குவியலைப் பார்த்துச் சுடு."

லாயல் குறுக்கே பாய்ந்தார். "அங்க வேண்டாம் மச்சான். காட்டுப் பக்கம் சுடறேனே?"

"அங்க யாராவது வந்துட்டா?"

"அப்ப ரோட்டுப் பக்கம்?"

"என் வண்டி நிக்குதுய்யா! உனக்கென்ன பைத்தியமா? குவியலைப் பார்த்துச் சுடுன்னா சுடேன்."

மூச்சு விட்டால் சட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும். லாயல் யோசித்தார். குவியலோ அகலமானது. சட்டையோ அதில் ஒரு மூலையில். பதினோரு வருஷமாகத் தான் குறி வைத்த எதன்மேலும் குண்டு பட்டதில்லை. ஆகவே குண்டு படவே கூடாத இடம் எதுவோ அதைத்தான் குறி வைக்க வேண்டும். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

சிட்டிகை சிட்டிகையாகத் தள்ளச் சொன்னதை ஒரு பிடி ஆகும்வரை தள்ளினார். முப்பது தப்படி தள்ளி நின்று சட்டையை நேராகக் குறி வைத்தார். டமார்!

பனி பறந்தது. அதற்குள்ளிருந்து சிவப்புக் கட்டம் ஒன்று எட்டிப் பார்த்தது.

கிளேர் ஓடிப்போய் அதை இழுத்து விரித்தார். நடு முதுகில், தையல்காரர் அளந்து போட்டதுபோல ஓட்டை. சுருட்டி வைத்திருந்ததால் இன்னும் மூன்று இடத்தில் ஓட்டை. எமரி தொப்பியைக் கழற்றிவிட்டார். "பட்டுடுச்சுடா! உம்ஹோல்ட்ஸ் அடிச்சு ஒண்ணு பட்டுடுச்சு!" இரண்டு பேரும் லாயலைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கத்தரி மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று லாயலுக்கே தெரியவில்லை.

வீட்டு வாசலில் நின்று சட்டையை நீட்டினார். "வாலைப் பாரு வெர்னா. அப்படியே இருக்கு. உங்கண்ணன் தொடவே இல்ல."

வெர்னா ஓட்டைக்குள் விரலை விட்டாள். பிறகு அடுத்ததில். "இது யார் வேலை?"

"நான்தான்."

"எத்தனை தூரத்துல இருந்து?"

"முப்பது தப்படி."

"குறி வச்சா?"

"குறி வச்சுத்தான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு அவரை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் அந்தச் சட்டைக்கு ஒரு மரப்பலகை தயார் செய்தாள். அண்ணன் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் மான் தலைகள் இருக்கும் அதே உயரத்தில், கணப்புக்கு மேலே, இரண்டு கையையும் விரித்து மாட்டினாள். அந்த ஊரில் மானின் பெருமையைக் கொம்புக் கிளைகளை எண்ணித்தான் அளப்பார்கள். யாராவது வந்து "எத்தனை கிளைக் கொம்பு?" என்று கேட்டால், லாயல் வாயைத் திறப்பதற்கு முன் அவளே சொல்லிவிடுகிறாள்: "ஏழு பொத்தான்."