மருமகள் பார்க்காத பொன்னுருக்கு

என் மகன் கஜீவனுக்குப் பேசியிருந்த சாருஜாவைக் குப்பை ஆராய்ச்சிக்காரி என்றுதான் சொல்வேன். அவள் கோபிக்கமாட்டாள், சிரிப்பாள். கிரேக்க நாட்டில் அந்தக் காலத்து வெள்ளிச் சுரங்கங்கள் இருந்த மலைப்பக்கம் போய், கோடையில் வெயிலில் காய்ந்து மண் கிண்டுவாள். மொன்றியலுக்குத் திரும்பினால் பல்கலைக்கழகத்தில் அங்கத்தைய உலோகக் கழிவை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பாள். பிள்ளைக்கு இப்படியும் ஒரு பைத்தியமா என்று நினைத்திருக்கிறேன்.

எங்கள் வழக்கப்படி தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில். பெண் அங்கே வரக்கூடாது. நாள் வைத்ததும் இவள் என்னிடம் வந்தாள்.

“மாமி, நான் ஒருக்கா வந்து பாக்கட்டோ? ஆரோ எப்பவோ உருக்கினதைத்தான் படிக்கிறன். என்ர தாலியை உருக்கேக்கை நான் இல்லையெண்டால் எப்பிடி?”

“பொம்பிளை வாறேல்லைப் பிள்ளை.”

“ஓம் மாமி,” என்று போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு மனம் லேசாக இருந்திருக்கும்.

பொன்னுருக்கு அன்று பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டு ஸ்மோக் அலாரத்தைக் கழற்றிவைத்தோம். நகை செய்யும் பத்தர் ஒரு சின்ன மண்கிண்ணத்தில் பொன்னை வைத்து, பொன் இளக வெங்காரப் பொடி தூவி ஊதத் தொடங்கினார். போனில் காட்டக்கூடாது என்று எந்த வழக்கமும் இல்லையே! நானே போனைப் பிடித்துச் சாருஜாவுக்குக் காட்டினேன். பாழாய்ப்போன போனில் வெறும் வெள்ளை வெளிச்சம்தான் விழுந்தது.

“ஒண்டும் தெரியேல்லை மாமி. பரவாயில்லை.”

அந்தப் ‘பரவாயில்லை’ எனக்குச் சுருக்கென்று தைத்தது.

உருகிய பொன்னைத் தட்டில் வைத்துவிட்டு, கிண்ணத்தைக் குப்பைப் பைக்குள் போடப்போனார் பத்தர்.

“பத்தர், அதை இஞ்சை தாங்கோ!” நான் போட்ட சத்தத்தில் கஜீவனே திடுக்கிட்டான்.

பின்னேரம் பலகாரத் தட்டோடு சென்ட் லோரன்டில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போனோம். கைக்குட்டையில் சுற்றியிருந்ததைச் சாருஜாவிடம் கொடுத்தேன். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுத்த அடியில், உறைந்த வெங்காரத்துக்குள் பொடிப்பொடியாகப் பொன் மினுங்கியது.

“மாமி, இதை மூசை எண்டு சொல்லுறது. கிரேக்கத்திலையும் மண்ணுக்குள்ளை இருந்து இப்பிடி எடுக்கிறனாங்கள். ஆருக்கு, என்னத்துக்கு உருக்கினவை எண்டு ஒண்டும் தெரியாது.”

கண்ணைத் துடைத்தாள். நல்ல நாளில் அழாதே என்று ஏச வாயெடுத்தேன். அவள் சிரித்தாள்.

“இது எனக்கு உருக்கினது.”