‘பார்க்கலாம்’ என்றால் எப்போது?

பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவளை டெப்போவில் எல்லாரும் ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அரை பர்லாங்குக்கு அப்பால் ஒரு கோழி தலையை நீட்டினாலும் அவள் கால் பிரேக்குக்குப் போய்விடும். நிற்கிற பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து முணுமுணுப்பார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, சம்பளமில்லாமல் பாடம் நடத்த வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியை வருகிறார், ஒரு வருடம் தங்க வீடு வேண்டும் என்றார்கள். முதலில் கையைத் தூக்கியது அக்காதான். ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை செய்யும் அவள் கணவருக்கு அன்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது.

“இருக்கறதே ரெண்டு ரூம். வர்றவங்களை எங்க தங்க வைப்ப? பஸ்லயா?”

“ஹாலைத் தடுத்துத் திரை போட்டுக்கலாம். சம்பளமும் இல்லாம இவ்வளவு தூரம் வர்ற ஆளு எப்படி இருப்பாங்கன்னு பார்க்க வேணாமா?”

யாரோ இளம்பெண் வருவாள் என்று அக்கா நினைத்திருந்தாள். வந்தவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வருவதற்காக இரண்டு வருடம் புத்தகம் வைத்து மொழி கற்றிருந்தார். அதனால் வந்த வினைதான் முதல் நாள் சாப்பாட்டின்போது நடந்தது.

“போதும். நான் வயிறார உண்டுவிட்டேன். தங்கள் அன்புக்கு நன்றி.”

கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் குளியலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். “செய்தி வாசிக்கறவங்க வீட்டுக்கே வந்துட்ட மாதிரி இருக்கும்மா” என்றாள் பிறகு.

டீச்சரம்மா போர்வையை அளவெடுத்தாற்போல் மடிப்பார். தட்டைத் தானே கழுவுவார். ஜன்னலில் ஆறு சின்ன பாட்டில்களில் அழுக்குத் தண்ணீர் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. அவர் இல்லாதபோது அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கி, முகர்ந்துகூடப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கேட்டேவிட்டாள்.

“இவற்றுள் உயிர்கள் வாழ்கின்றன” என்றார் டீச்சரம்மா. “காண்பதற்கு மைக்ராஸ்கோப் தேவை. பள்ளியில் அறிவியல் அறை பூட்டியிருக்கிறது. திறக்கும்படி தலைமையாசிரியையிடம் கேட்டேன். ‘பார்க்கலாம்’ என்றார். எப்போது என்று நாளை கேட்பேன்.”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கணவர், “இல்லைங்க, பார்க்கலாம்னா வந்து...” என்று ஆரம்பித்தார். அக்கா அவர் காலை மிதித்தாள்.

டீச்சரம்மா திரைக்குப் பின்னால் போனதும் கணவர் கேட்டார். “சொல்லியிருக்கலாமே?”

“என்ன ஆகுதுன்னு பார்ப்போமே” என்றாள் அக்கா.

அதன்பிறகு தினமும் பள்ளிவிட்டு வரும் மகள்தான் சேதி கொண்டுவருவாள். காலை மணி அடிப்பதற்கு முன்னால் டீச்சரம்மா தலைமையாசிரியையின் அறை வாசலில் போய் நிற்பாராம். “இன்று பார்க்கலாமா?” என்பாராம். “இன்னைக்கு மீட்டிங் இருக்கு” என்று பதில் வருமாம். “நல்லது. நாளை வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாராம். கேட்கக் கேட்க அக்காவுக்குச் சிரிப்பாக இருந்தது.

பதினோராம் நாள் மகள் சிரிக்கவில்லை. பையைத் தூக்கி மூலையில் போட்டாள்.

“பசங்க டீச்சருக்குப் ‘பார்க்கலாம்’னே பேர் வச்சுட்டாங்க. அவங்க நடந்து போனா பின்னாடியே கத்தறாங்க. நீ ஏம்மா முதல்லயே அவங்ககிட்ட சொல்லல?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. டீச்சரம்மா வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“டீச்சரம்மா, பார்க்கலாம்னு சொன்னா இங்க முடியாதுன்னு அர்த்தம். எனக்கு அன்னைக்கே தெரியும். வேடிக்கை பார்த்துட்டு இருந்துட்டேன். தப்புதான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதை ஐந்தாம் நாளே புரிந்துகொண்டேன்.”

“அப்புறம் ஏன் போய்ப் போய் நின்னீங்க?”

“முடியாது என்பது விளங்கியது. ஏன் முடியாது என்பது விளங்கவில்லையே. அதை அறிய விரும்பினேன்.”

எதையும் தெரிந்துகொள்ளத் துடிப்பதில் தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் தன் வீட்டு ஹாலிலேயே குடியிருப்பது அன்றுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் தலைமையாசிரியை டீச்சரம்மாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். சாவி தொலைந்து நாலு வருடமாகிறதாம். மேலிடத்துக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். “நீங்க வந்து நிக்கறப்பல்லாம் நான் ஒரு மீட்டிங்கைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு” என்றாராம். விஷயத்தைக் கேட்ட அக்கா, டெப்போ ஃபிட்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். பத்து நிமிடத்தில் பூட்டு கையில் வந்தது.

உள்ளே இருந்த இரண்டு மைக்ராஸ்கோப்புகளில் ஒன்றின் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. இன்னொன்று பிழைத்தது. பிள்ளைகளெல்லாம் பார்த்து முடித்தபிறகு, காக்கிச் சட்டையோடு அக்காவும் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தாள். டீச்சரம்மாவின் பாட்டிலிலிருந்து எடுத்த தொட்டித் தண்ணீரின் ஒரு சொட்டில் செருப்பு வடிவத்தில் ஏதோ ஒன்று பாய்ந்தது, முட்டியது, பின்வாங்கியது, மறுபடி பாய்ந்தது.

“இதுக்கு லைசென்ஸ் யாரு குடுத்தது?” என்றாள். அன்று வகுப்பு முழுதும் சிரித்தது, டீச்சரம்மாவும் சேர்ந்து.

அந்தச் செருப்பு அக்காவைச் சும்மா இருக்க விடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வெளியூர் வண்டி கேட்டு அவள் டெப்போ மேலாளரிடம் போயிருந்தாள். அவரும் “பார்க்கலாம்மா” என்றுதான் சொன்னார். புரிந்துகொண்டு திரும்பிவிட்டாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேரே அவர் மேசை முன் போய் நின்றாள்.

“முடியாதுன்னா பரவாயில்லை சார். ஏன் முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “முடியாதுன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்கதான் அப்புறம் கேக்கவே இல்லை. விருப்பமில்லைன்னு நெனச்சேன்.”

அது நிஜமா, அந்த நேரத்துச் சமாளிப்பா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். ஆறு வருடம் என்று கணவரிடம் இரண்டு தடவை சொன்னாள். ஆனால் மறுநாளும் போய் நின்றாள், அதற்கு மறுநாளும்.

கண் பரிசோதனை, பயிற்சி என்று எல்லாம் முடிய ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் டீச்சரம்மாவின் வருடமும் முடிந்துவிட்டது. கிளம்பும்போது, “போய்ட்டு வர்றேன், உடம்பைப் பாத்துக்கோங்க” என்றார். ஒரு வருடத்தில் அவர் பேச்சிலிருந்து புத்தக மொழியெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. மகள் சிரிக்கவில்லை. குளியலறைக் குழாய் மட்டும் வெகுநேரம் திறந்திருந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் மலையடிவாரத்து ஊர் வரை வண்டி கிடைத்தது. முதல் நாள் காலை பதினோரு மணிக்கெல்லாம் அக்கா அந்த ஊர் நிலையத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டாள். திரும்ப மூன்று மணி நேரம் இருந்தது. நடத்துநர் கடைசி சீட்டில் துண்டை விரித்துப் படுத்தார்.

“நீங்களும் கொஞ்சம் கண்ணை மூடுங்கக்கா.”

“நீ தூங்குப்பா” என்று அக்கா இறங்கினாள். நிலையத்துக்குப் பின்னால் குறுகலான ஒரு தெரு. பாதித் தெருவில் மூடிய இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து சீராக ஒரு சத்தம், மரத்தில் எதையோ அடிக்கிற மாதிரியும் இருந்தது, தறி மாதிரியும் இருந்தது. அக்கா சற்று நின்று கேட்டாள். பிறகு கதவைத் தட்டினாள்.

“உள்ள என்னங்க செய்யறீங்க?”