சம்பந்தியம்மாவுக்கு வந்த தலைவலி

ஒரு பையை முதுகிலும் இன்னொன்றை வயிற்றுப் பக்கமும் மாட்டிக்கொண்டு, பெரு நாட்டு மலையில் இன்கா அரசர்கள் போட்ட கல்படிகளில் சம்பந்தியம்மா எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். வயிற்றுப் பக்கம் தொங்கியது என் பை. தலைவலியில் ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது என்று பத்து நிமிடத்துக்கு முன்னால் வழிகாட்டியிடம் சொன்னவர் அவர்தான்.

அந்தப் பயணம் எங்கள் இரண்டு பேருக்காகப் போட்டதே இல்லை. அமெரிக்காவில் ரவுண்ட் ராக்கில் இருக்கும் என் மகளும் மருமகனும் அந்த மலைவழியில் நடக்க நாலு பேருக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள்: அவர்கள் இருவர், சான் ஹோசேயிலிருந்து நான், சுகர் லேண்டிலிருந்து மருமகனின் அம்மா. இரண்டு வீட்டு ஆண்களும் போட்டோவில் பார்த்துக்கொள்கிறோம் என்று முதலிலேயே கழன்றுகொண்டார்கள். பிறகு மகள் உண்டானாள். மருமகனும் அவளை விட்டு நகர மாட்டேன் என்றார். பாஸ்போர்ட் பெயரில் வாங்கிய அனுமதியை வேறு யாருக்கும் மாற்றவும் முடியாது. சம்பந்தியம்மா போன் செய்தார். "நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாமே சம்பந்தி? எனக்கு இது இருபது வருஷ ஆசை." நான் பெண்ணைக் கொடுத்தவள். சரி என்றேன். இத்தனைக்கும், ஆபீசில் எந்த மேனேஜர் வந்து கேட்டாலும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பேர் வாங்கியவள் நான். சம்பந்தி என்று வந்துவிட்டால் மட்டும் என் அம்மா, அத்தை, பெரியம்மா எல்லாரும் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு தலையாட்டுவார்கள்.

இரண்டாம் நாள்தான் வழியிலேயே உயரமான கணவாய். காலையில் வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் வந்து தலைவலி உண்டா, வாந்தி உண்டா என்று கேட்டார். உயரத்தில் காற்று குறைவதால் வரும் நோய் அது, மறைத்தால் உயிருக்கே ஆபத்து, வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும் என்று முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கோ எழுந்ததிலிருந்து மண்டை பிளந்தது. "ஐயாம் ஃபைன்" என்றேன். நான் இறங்கினால் சம்பந்தியம்மாவும் கூட இறங்குவார். அவருடைய இருபது வருட ஆசை பெண்வீட்டுக்காரியால் கெட்டது என்று ஆகிவிடும். படித்தவள் செய்கிற காரியமா இது? ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "போலாம் சம்பந்தி" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றேன்.

அதன்பிறகு பத்துப் படிக்கு ஒருதரம் நின்றேன். கணவாய் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. அண்ணாந்து அதை ஒருதரம் பார்த்தார் சம்பந்தியம்மா, திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த நிமிடம் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அம்மாடி, தலை வெடிக்குது. என்னால முடியாதுப்பா. கீழ போயிடறேன். நீங்களும் கூட வந்துடறீங்களா? தனியா போக பயமா இருக்கு." ஐயோ பாவம் என்றுதான் அப்போது நினைத்தேன். உதவி வழிகாட்டி ஒருவரை எங்களோடு அனுப்பினார்கள். "அதை இப்படிக் குடுங்க" என்று என் பையை வாங்கி மாட்டிக்கொண்டு சம்பந்தியம்மா விறுவிறுவென்று இறங்கியபோதுதான், யாருக்குத் தலைவலி என்பது எனக்கு உறைத்தது.

கீழே வந்ததும் எனக்குத் தலை தெளிந்தது. மகள் போனில் பதறினாள். என் கையிலிருந்து போனை வாங்கி, "எனக்குத்தாம்மா முடியல. உங்கம்மா ஜம்முனு ஏறினாங்க" என்றார் சம்பந்தியம்மா. உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் ரவுண்ட் ராக்கில் பேரனுக்கு முதல் பிறந்தநாள். யாரோ ஒரு பையன், "ஆன்ட்டி, பாதியிலயே யூ டர்ன் போட்டுட்டீங்களாமே!" என்று சம்பந்தியம்மாவைக் கிண்டல் செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. முடியாம போனது எனக்கு. நான் மறைச்சேன். எனக்காகத்தான் அவங்க பொய் சொல்லித் திரும்பினாங்க. இன்னிக்கு நான் உசுரோட நின்னு பேரனைக் கொஞ்சறேன்னா அது அவங்களாலதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று சம்பந்தியம்மா என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, "அடுத்த வருஷம் மறுபடியும் போலாமா சம்பந்தி?" என்று கேட்டார்.

சரி என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. "முடியாதுங்க" என்றேன். "எனக்கு மலையே ஆகாது. நீங்க போயிட்டு வாங்க. நான் பேரனைப் பாத்துக்கறேன்."

என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"அப்பாடா! இனிமே உங்களுக்காக நான் பொய் சொல்ல வேண்டியதில்லை."